அப்டேட் வந்திருக்கு மாமா, போடவா?

2024 ஆகஸ்ட் இரண்டாவது வாரம். இரவு 11 மணி இருக்கும். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, லேப்டாப்ல பயாஸ் அப்டேட்னு ஒண்ணு வந்து நிக்குது. போடவா?"

பயாஸ் என்பது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள், மதர்போர்டின் சிப்பில் எழுதப்பட்டிருப்பது.

"ப்ராஜெக்ட் ரிவ்யூ என்னைக்கு?"

"நாளன்னைக்கு."

"அப்ப தொடாத. மூடி வச்சிட்டுப் படு. தீபாவளிக்கு வருவல்லா, அப்ப பாத்துக்கிடலாம்."

அடுத்த நாளே தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பனை நானே கூப்பிட்டேன். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய கணினியில் ஒரு குறையும் இல்லை. "உன் மதர்போர்டுக்குப் புது பயாஸ் வந்திருக்குடே. இன்னைக்கே போட்டுரு. ஆவணி பொறந்துட்டா உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது" என்றேன்.

இரண்டு போனையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அவனுக்குத் தொடாதங்கிய, இவருக்கு இன்னைக்கேங்கிய. எதை வச்சு சொல்லுதிய?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரே வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கல்லூரியில் 64 கணினிகள் உள்ள ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பழைய மாணவர்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அவளுக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இதில் எனக்கு முதல் பாடம் 2009இல் கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டிடிபி கடை வைத்திருந்த ஒருவர் பவர் சப்ளை போய்விட்டது என்று தன் கணினியைக் கொண்டுவந்தார். புதிதாக ஒன்றை மாற்றிப் போட்டேன். வேலை அதோடு முடிந்தது. ஆனால் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் புதிய பயாஸ் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். எதற்காக வந்தது என்று அதன் பக்கத்தில் ஒரே வரி: புதிய பிராசஸர்களுக்கான ஆதரவு. அவர் பிராசஸரை மாற்றப்போவதில்லை. இருந்தும் எண் பெரிதாக இருக்கிறதே, நல்லதாகத்தான் இருக்கும் என்று போட ஆரம்பித்தேன். பாதி கூட ஏறியிருக்காது, கரண்ட் போய்விட்டது. கடை யுபிஎஸ்ஸின் பேட்டரி பல மாதமாகவே பலவீனம். கரண்ட் வந்த பிறகு ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை.

கடை அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அலமாரியில் இருந்து அதே மாடல் போர்டு ஒன்றை எடுத்தார். அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும்; பிடுங்கலாம், மாட்டலாம். நல்ல போர்டை டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை மெல்லப் பிடுங்கினார். அந்த இடத்தில் செத்துப்போன சிப்பைச் செருகினார். கணினி ஒருமுறை எழுந்துவிட்டால் பயாஸின் நகல் மெமரிக்குப் போய்விடும், சிப்பை எடுத்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியில் சரியான பயாஸை மறுபடி எழுதினார். சிப்பைப் பழைய போர்டில் மாட்டியதும் 'பீப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி சொன்னது ஒன்றுதான்: "ஏல, ஓடுததை எதுக்குல நோண்டுத?"

அதற்கப்புறம் பத்து வருடம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் எல்லோருக்கும் பதில் சொன்னேன். அதற்கு நியாயமும் இருந்தது. டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒரே மாதிரி 'அப்டேட்' என்று திரையில் வந்து நின்றாலும் இரண்டும் இருக்கும் இடம் வேறு. டிரைவர் என்பது விண்டோஸுக்குள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஒரு மென்பொருள். கிராபிக்ஸ் கார்டிடமோ பிரிண்டரிடமோ எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. கெட்டுப்போனால் டிவைஸ் மேனேஜரில் போய்ப் பழையதற்குத் திரும்பலாம், சேஃப் மோடில் நுழைந்து அழிக்கலாம், கடைசியாக விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஃபர்ம்வேர் கருவியின் சிப்புக்குள்ளேயே எழுதப்படுவது; பயாஸும் ஒரு ஃபர்ம்வேர்தான். பாதியில் நின்றால் கருவிக்குத் தான் யார் என்றே தெரியாமல் போய்விடும். இப்போதைய போர்டுகளில் அந்தச் சிப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள். எட்டுக் கால் உள்ள அந்தப் பூச்சியின் மேல் கிளிப் மாட்டி, ப்ரோக்ராமர் வைத்துத் திரும்ப எழுதுவதற்கு லேப்டாப் சர்வீஸ் கடைகளில் தனியாகக் காசு வாங்குகிறார்கள். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப் இருக்கும், சிலவற்றில் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவில் இருந்து பயாஸை ஏற்ற ஒரு பட்டன் இருக்கும். மலிவான போர்டுகளில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே டிரைவர் விஷயத்தில் கொஞ்சம் துணியலாம், ஃபர்ம்வேர் என்றால் யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் 'ஓடுததை நோண்டாதே' என்பது மட்டும் போதாது என்று 2019 நவம்பரில் தெரிந்துகொண்டேன்.

அந்த மாதம் ஹெவ்லட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சர்வர்களில் தரவைச் சேமிக்கப் போடப்படும் அவர்களுடைய சில எஸ்எஸ்டி டிஸ்க் மாடல்கள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும். 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். அந்த நேரம் வந்துவிட்டால் டிஸ்கும் மீளாது, உள்ளே இருக்கும் தரவும் மீளாது. 16 பிட் இடத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஓர் எண்ணை வைத்தால் அதிகபட்சம் 32,767 வரைதான் எண்ண முடியும். ப்ரோக்ராம் எழுதிப் பழகியவர்களுக்கு 32,768 என்ற எண்ணைப் பார்த்ததுமே எங்கே தப்பு நடந்திருக்கும் என்று பிடிபட்டுவிடும். தீர்வு எச்பிடி8 என்ற புதிய ஃபர்ம்வேர். அதை அந்த மணிக்கு முன்னால் போட்டாக வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை.

இதில் என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். சர்வரில் ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்றுதான் பல டிஸ்குகளைச் சேர்த்து ரெய்டில் போடுகிறோம். வழக்கமாக அவற்றை ஒரே நாளில் வாங்குகிறோம், ஒரே நாளில் ஓடவிடுகிறோம். அப்படியானால் அவை 32,768ஆவது மணியைத் தொடுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான். ஒன்று போய் மற்றது காப்பாற்றுவதற்கு இடமே இல்லை. அந்த டிஸ்குகள் அதற்கு முந்தைய நிமிடம் வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். 'நல்லாத்தானே ஓடுது' என்று விட்டுவைத்தவர்தான் எல்லாவற்றையும் இழப்பார். 2020 மார்ச்சில் அதே நிறுவனம் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி என்று இன்னொரு எச்சரிக்கை கொடுத்தது.

முதல் எச்சரிக்கையைப் படித்த அன்று மாலையே கல்லூரி சர்வரின் டிஸ்குகள் எத்தனை மணி ஓடியிருக்கின்றன என்று எடுத்துப் பார்த்தேன். வேறு நிறுவனத்தின் டிஸ்குகள், பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த எண்களைப் பார்த்த பிறகு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. பத்து வருடத்தில் ஒருமுறை கூட நான் ஒரு டிஸ்கின் ஃபர்ம்வேர் குறிப்பைத் தேடிப் படித்ததில்லை. பிறகு தேடியபோது இது முதல்முறை இல்லை என்றும் தெரிந்தது. க்ரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்எஸ்டி 5,184 மணி நேரம் ஓடிய பிறகு பதில் சொல்லாமல் உறைந்துவிடும். மறுபடி ஆன் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், திரும்ப உறையும். 2012 ஜனவரியில் ஃபர்ம்வேர் மூலம் அதைச் சரிசெய்தார்கள்.

இப்போது தூத்துக்குடி நண்பனுக்கு வருகிறேன். அவனுடையது இன்டெல்லின் 14ஆம் தலைமுறை ஐ9 பிராசஸர். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலருக்குக் காரணமே தெரியாமல் நின்றுபோவதாக 2024 தொடக்கத்தில் இருந்தே பேச்சு இருந்தது. அந்த ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது: மைக்ரோகோடில் இருந்த தவறால் பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது. மைக்ரோகோட் என்பது பிராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு. பெரும்பாலும் பயாஸோடு சேர்ந்து வரும், ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் பிராசஸரில் ஏறும். ஆகஸ்டில் 129 என்று எண்ணிட்ட மைக்ரோகோடை இன்டெல் கொடுத்தது, மதர்போர்டு நிறுவனங்கள் அதை பயாஸில் சேர்த்து வெளியிட்டன.

அறிவிப்பில் இருந்த ஒரு செய்திதான் என்னை உடனே போனை எடுக்க வைத்தது. புதிய மைக்ரோகோட் இனிமேல் சேதம் ஆகாமல் தடுக்கும், ஏற்கெனவே ஆன சேதத்தைச் சரிசெய்யாது. அதாவது தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பிராசஸரின் ஆயுளில் இருந்து கழியலாம். நண்பன் நாள் முழுக்க ரெண்டரிங் ஓடவிடுபவன். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பது காத்திருப்பதற்கான காரணம் இல்லை, அன்றைக்கே போடுவதற்கான காரணம். ஆடி மாதக் கடைசி வேறு. முகூர்த்தம் இல்லாத நாட்கள், டெலிவரி கேட்டு யாரும் துரத்தமாட்டார்கள்.

போடுவதற்கு முன் பயாஸ் செட்டிங்ஸ் பக்கம் ஒவ்வொன்றையும் மொபைலில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னேன். பயாஸ் மாறினால் பெரும்பாலும் எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடும். மெமரி வேகம், ஃபேன் வேகம், டிஸ்க் ரெய்டில் இருந்ததா இல்லையா என்பது எல்லாம். இதை மறந்தவர்கள் 'அப்டேட் போட்டதும் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிட்டு' என்று சொல்வார்கள். உண்மையில் அவர்களுடைய மெமரி குறைந்த வேகத்துக்கு இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

அன்றிரவே போட்டுவிட்டான். செப்டம்பர் கடைசியில் 12பி என்று அடுத்த மைக்ரோகோடை இன்டெல் அறிவித்தது. மறுபடி கூப்பிட்டேன். "இன்னொரு தடவையா? ஆவணி ஆல்பமே முடியலடே" என்று சலித்துக்கொண்டான். சலிப்பு நியாயம்தான். ஆனால் இன்டெல் பெட்டியில் தனியாக விற்கும் தன் பிராசஸர்களுக்கு உத்தரவாதக் காலத்தை இரண்டு வருடம் நீட்டியிருந்த நேரம் அது. ஒரு நிறுவனம் அந்த அளவுக்குப் போகிறது என்றால் விஷயம் சின்னது இல்லை என்று சொல்லிப் புரியவைத்தேன். இரண்டாவதையும் போட்டான். 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் கருகியபோதும் இப்படித்தான், பிராசஸரின் ஒரு பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் கட்டிப்போட்டது ஒரு பயாஸ் அப்டேட். மின்னழுத்தம், வெப்பம், டிஸ்கின் ஆயுள் என்று கருவியின் உடம்பைத் தொடும் அப்டேட்டாக இருந்தால் நான் நாள் கடத்துவதில்லை.

பாதுகாப்பு அப்டேட்டுகள் இவ்வளவு நேராக இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரி 3 அன்று பிராசஸர்களில் இருந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. உலகத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கணினிக்கும் ஆபத்து என்று செய்தி. ஸ்பெக்டரின் ஒரு வகையைத் தடுக்க மைக்ரோகோட் தேவைப்பட்டது. இன்டெல் அவசரமாகக் கொடுத்தது, மதர்போர்டு நிறுவனங்கள் அவசரமாக வெளியிட்டன. போட்ட கணினிகள் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தன. ஜனவரி 22 அன்று இன்டெல்லே, தயவுசெய்து இதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டது. மாதக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் அந்தத் தடுப்பை அணைத்துவைக்க ஒரு தனி அப்டேட்டே கொடுத்தது. ஒரே மாதத்துக்குள் இவ்வளவும் நடந்தது. அந்த மாதம் எங்கள் ஆய்வகத்தில் நான் எதையும் தொடவில்லை. மாணவர்கள் சி ப்ரோக்ராம் எழுதும் கணினிகள் அவை. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் எதையாவது திருடுவதென்றால் முதலில் அவருடைய ப்ரோக்ராம் அந்தக் கணினியில் ஓட வேண்டும். யாருடையது என்றே தெரியாத பல பேரின் ப்ரோக்ராமை ஒரே சர்வரில் ஓடவிடும் நிறுவனத்துக்கு அது தலைபோகிற விஷயம். எங்களுக்கு அந்த ஒரு மாதம் பொறுக்க முடிந்தது. இதே ஓட்டைக்கு அவர்கள் ஒரு முடிவும் நாங்கள் ஒரு முடிவும் எடுத்திருந்தால் இரண்டுமே சரி.

பொறுக்கவே கூடாத ஒன்று என்றால் அது வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் ரவுட்டர். கணினியைத் தினமும் பார்க்கிறோம், ரவுட்டரை நெட் போனால்தான் பார்க்கிறோம். அது எந்நேரமும் இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்ததை சிஸ்கோவின் டாலோஸ் குழு கண்டுபிடித்தது. பெரும்பாலும் வீட்டிலும் சின்ன அலுவலகங்களிலும் இருக்கும் ரவுட்டர்கள். அதன் பிறகு யார் வீட்டுக்குக் கணினி பார்க்கப் போனாலும் முதலில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ஃபர்ம்வேர் எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

டிரைவர்களுக்கு வருவோம். தேதியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம், "சார், என் கம்ப்யூட்டர்ல ஒரு டிரைவர் 1968ஆம் வருஷத்துது. இவ்வளவு பழசை வச்சிக்கிட்டா ஓட்டுதேன்?" என்று பதறிப்போய்க் கேட்டார். 'உங்கள் கணினியில் 23 டிரைவர்கள் காலாவதி' என்று சிவப்பு எழுத்தில் காட்டிய ஏதோ ஒரு டிரைவர் அப்டேட்டருக்கு ஏற்கெனவே காசும் கட்டியிருந்தார். 1968இல் விண்டோஸும் கிடையாது, வீட்டுக் கணினியும் கிடையாது. இன்டெல் சிப்செட்டின் சில கோப்புகளில் 1968 ஜூலை 18 என்று வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்கள். அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருக்கும். ஒரு கருவிக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால் விண்டோஸ் புதிய தேதி உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். கருவியைச் செய்தவர் கொடுத்த டிரைவர் இருந்தால் அதுதான் ஜெயிக்க வேண்டும், பொதுவான டிரைவர் அதன் மேல் ஏறி உட்காரக் கூடாது. அதற்காகத்தான் தன்னுடையதற்குப் பழைய தேதி என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதி விளக்கியிருக்கிறார். இதெல்லாம் தெரியாத ஒரு அப்டேட்டர், பழைய தேதி என்பதாலேயே அதை நோய் என்று காட்டிக் காசு கேட்கிறது. ஆசிரியரின் கணினியில் இருந்து அந்த மென்பொருளை அன்றே நீக்கினேன். கணினி செய்த நிறுவனத்தின் தளம், இல்லையென்றால் சிப் செய்த நிறுவனத்தின் தளம், அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் தானாகக் கொடுப்பது. இந்த மூன்றைத் தாண்டி டிரைவருக்காக வேறெங்கும் போக வேண்டாம் என்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன்.

கிராபிக்ஸ் டிரைவர் வந்த அன்றே போடுவதும் எனக்குப் பிடிக்காது. 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்ற டிரைவரை வெளியிட்டது. சில கார்டுகளில் ஃபேன் சரியாகச் சுற்றாமல் கார்டு சூடேறியது. சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டிரைவர் மென்பொருள்தான், கருவிக்கு ஒன்றும் ஆகாது என்று மேலே எழுதினேனே, அதற்கு இது ஒரு விலக்கு. இரண்டு வாரம் பொறுத்தால் நமக்கு முன்னால் போட்டவர்கள் பட்ட பாடு தெரிந்துவிடும். விளையாடப்போகும் புது கேம் அந்த டிரைவரைக் கேட்கிறது, எடிட்டிங் மென்பொருள் அதைக் கேட்கிறது என்றால் அது வேறு. டிரைவர் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதை 2024 ஜூலை 19 எல்லோருக்கும் காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் விண்டோஸின் அடிவயிற்றில் ஓடுவது. அதற்கு அனுப்பிய ஒரு தவறான கோப்பால் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அக்கா மகன் இரவு 11 மணிக்கு 'போடவா' என்று தயங்கிக் கேட்டதற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம் என்று பின்னால் சொன்னான்.

அப்புறம், அப்டேட் யாருக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் யுஎஸ்பி சிப்புக்கான புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்தது. மாட்டியிருப்பது தங்கள் சிப்பின் போலி என்று கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும்படி எழுதியிருந்தார்கள். அதற்கப்புறம் கணினிக்கு அந்தக் கருவியை அடையாளமே தெரியாது. போலி செய்தவன் மேல் கோபம் நியாயம். ஆனால் அடிபட்டது அதைத் தெரியாமல் வாங்கியவர்கள். சென்னை ரிச்சி தெருவில் ப்ராஜெக்டுக்கு ஒரு போர்டு வாங்கும் மாணவனுக்கு, அதன் மேல் இருக்கும் நகக்கண் அளவுச் சிப் அசலா போலியா என்று எப்படித் தெரியும்? எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரை எடுத்துவிட்டார்கள். பிரிண்டரிலும் இப்படித்தான். 2016 செப்டம்பர் 13 அன்று உலகின் பல இடங்களில் ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பிற நிறுவனங்களின் மை கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. ஃபர்ம்வேரில் இருந்த ஏற்பாடு அது. மாதக் கடைசியில் அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, பிறகு பழையபடி ஏற்றுக்கொள்ள ஒரு ஃபர்ம்வேர் கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய் கணக்குப் பார்த்து, கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்து தொழில் நடத்தும் கடைக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். அவர்கள் கேட்டால், பிரிண்டர் நன்றாக அச்சடிக்கும்வரை அதன் ஃபர்ம்வேரைத் தொட வேண்டாம், தானாக அப்டேட் ஆவதை அணைத்துவையுங்கள் என்று தயங்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது எப்படிச் செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் இருந்து எதுவும் மாறாது. ஏப்ரல், மே விடுமுறையில் முதலில் ஒரே ஒரு கணினியில் போடுவேன், அதுவும் நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதில். இரண்டு வாரம் அதில் எல்லா வேலையும் பார்ப்பேன். பிறகு நான்கு கணினிகள், பிறகு மிச்சம். நாளிதழில் மின்தடை அறிவிப்பு பார்க்காமல் பயாஸைத் தொடுவதில்லை. யுபிஎஸ் பேட்டரியை முந்தின நாளே சோதித்துவிடுவேன்.

டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் இப்போது மாட்டிக்கொள்கிறார்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. சாவியைக் காப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்; அது மதர்போர்டில் தனியாகவோ பிராசஸருக்குள்ளேயோ இருக்கும். பயாஸ் மாறினால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று நினைத்து அந்தச் சிப் சாவியைக் கொடுக்காமல் போகலாம். நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். எங்கள் மாணவி ஒருத்தி அந்தத் திரையோடு என்னிடம் வந்து நின்றாள். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. லேப்டாப் வாங்கித் தந்த கடையிலேயே யாரோ ஒரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் தேடி அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தோம். அவளுடைய மூன்று வருடப் பாடக்குறிப்பு அதில் இருந்தது. பயாஸ் போடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும், அந்த 48 எண்களையும் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். அப்டேட் போடாதவர்களுக்கும் அந்தத் தாள் வேண்டும். விண்டோஸ் அப்டேட்டே சில லேப்டாப்களுக்கு பயாஸையும் கொண்டுவந்து போட்டுவிடுகிறது.

தேதியோடு வரும் அப்டேட்டும் ஒன்று இருக்கிறது. கணினி எழும்போது நம்பகமான மென்பொருள்தானா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011இல் கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூனில் இருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழ் ஏறாவிட்டால் கணினி நின்றுவிடாது, ஆனால் எழும் கட்டத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்காமல் போகும். பழைய கணினிகள் சிலவற்றுக்கு இதற்காக பயாஸ் அப்டேட் தேவைப்படும். ஆய்வகக் கணினிகள் ஒவ்வொன்றின் மாடலையும் எழுதி, எதற்கு வந்திருக்கிறது, எதற்கு வரவில்லை என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். ரிவ்யூ நன்றாகப் போயிருந்தது. இலையைப் போட்டுச் சாப்பிட்டு முடித்த மத்தியானம், "மாமா, அந்த அப்டேட்" என்று ஞாபகப்படுத்தினான். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, சார்ஜரைச் செருகி, அவனுடைய மாடலுக்கான பக்கத்தைத் திறந்தோம். அவன் ஆகஸ்டில் கேட்ட பயாஸுக்கு அப்புறம் இன்னொன்றும் வந்திருந்தது.

"ரெண்டுக்கும் குறிப்பைப் படி" என்றேன்.

முதலாவதில் ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தமும், பேட்டரி 80 சதவீதத்தில் நிற்காமல் போகும் பிழைக்கான திருத்தமும் இருந்தன. "இந்தப் பிழை எனக்கு இருக்கு மாமா. 80ல நிக்க வச்சாலும் 100 வரைக்கும் ஏறிருது" என்றான். 48 எண்களை நோட்டில் எழுதினான், பிட்லாக்கரை நிறுத்தினான், போட்டான். தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப் எழுந்து வந்தது.

அடுத்ததன் குறிப்பை அவனே சத்தமாகப் படித்தான். விரல்ரேகை சென்சார் உள்ள மாடல்களில் லாகின் தாமதமாவதைச் சரிசெய்தது, வேறொன்றும் இல்லை. தன் லேப்டாப்பின் பவர் பட்டனை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"என்னோடதுல சென்சாரே இல்ல. இது எனக்கு வேண்டாம் மாமா" என்று பக்கத்தை மூடினான்.